நடக்கும்போது வரும் நெஞ்சு இறுக்கம்: வாயுவா, இதயமா?

கேள்வி: எனக்கு வயது 54. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். காலை நடைப்பயிற்சியின்போது எங்கள் பகுதி மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெஞ்சின் நடுவே ஓர் இறுக்கம் தோன்றி இடது தோள் வரை பரவுகிறது. அங்குள்ள பெட்டிக்கடையில் நின்று ஒரு சோடா குடித்தால், ஏப்பம் வந்து நான்கைந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. அதன்பின் வீடு திரும்பும்வரை வலி இல்லை. ஈசிஜியும் இயல்பாகவே இருக்கிறது. இது வாயுத் தொல்லைதானே, டாக்டர்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: சோடாவுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் நற்பெயர், நீங்கள் நடையை நிறுத்தி நின்றதற்குச் சேர வேண்டியது. ஏறும்போது வருவதும் நின்றால் போவதுமாக இருக்கும் நெஞ்சு இறுக்கத்தை, வேறு காரணம் உறுதியாகும்வரை, இதயத்தின் வலியாகவே நாங்கள் கருதுவோம். அடுத்த முறை சோடா குடிக்காமல் நின்று பாருங்கள் என்று சொல்லமாட்டேன். அந்தச் சோதனையை மருத்துவமனையில் செய்துகொள்வதே முறை.

இதயத் தசை, உடல் ஓய்வாக இருக்கும்போதே, தனக்கு வரும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆகவே, உழைப்புக் கூடும்போது கூடுதல் ரத்தம் வந்தால்தான் அதன் தேவை நிறைவேறும். அந்த ரத்தமோ பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையே தசை தளரும் நேரத்தில் பாய்வது. துடிப்பு வேகமெடுக்கும்போது அந்த நேரமும் குறுகிவிடுகிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி குழாயின் விட்டம் கொழுப்புப் படிவத்தால் 70 விழுக்காடு அளவுக்கு அடைபட்டிருந்தாலும், உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாமலே போகலாம். ஏற்றத்தில் நடக்கும்போது அதே குழாய் போதாமல் போய் வலிக்கிறது. படுத்த நிலையில், வலி இல்லாதபோது எடுத்த ஈசிஜி இயல்பாக இருப்பதற்கும் இதுவே காரணம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நிம்மதி அடைய வேண்டாம்.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768-இல் ஒரு மருத்துவர் அவையில் படித்து, 1772-இல் அச்சான கட்டுரையில், நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் உணவு உண்ட பின்னும் மார்பை நெரிக்கும் இந்த வலியையும், நின்ற கணத்தில் அது மறைவதையும் எழுதிவைத்தார். ஈசிஜி இல்லாத காலம் அது. நோயாளி சொல்லும் விவரத்திலிருந்தே இந்த நோயைப் பெரும்பாலும் கண்டுகொள்ள முடியும் என்பது இன்றும் மாறவில்லை. ஒருமுறை வலித்து ஓய்ந்தபின் திரும்பும் வழியில் வலிக்காததும் உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. முதல் சுற்றில் பழகிய இதயம் அடுத்த சுற்றைச் சிலருக்கு வலியின்றித் தாங்கிவிடுவதால், பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

இது எத்தனை நாளாக இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. நேரில் வந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். பல மாதங்களாக அதே ஏற்றத்தில், அதே அளவில் வருகிறது என்றால் இந்த வாரத்துக்குள் இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை மேம்பாலத்தைத் தவிர்த்துவிடுங்கள். அண்மையில் தொடங்கியது என்றாலோ, முன்பு ஏற்றத்தில் மட்டும் வந்தது இப்போது சமதரையிலும் வருகிறது என்றாலோ, இன்றே செல்லுங்கள். ஓய்விலிருக்கும்போது வந்து சில நிமிடங்களில் அடங்காத வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். வாகனத்தை நீங்களே ஓட்டிச் செல்லக் கூடாது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் தரும், ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொள்வது வேறு விஷயம். அது ரத்த அழுத்தத்தைத் திடீரென இறக்கக்கூடியது, ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எடுத்தவருக்கு ஆபத்தாகவே முடியலாம்.

மருத்துவர் எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் சோதனை அல்லது கரோனரி குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் கேட்கலாம். போனால் உடனே அடைப்பை விரித்துவைக்கும் ஸ்டென்ட் வைத்துவிடுவார்கள் என்று அஞ்சித் தள்ளிப்போடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். 2020-இல் வெளியான, 5179 பேர் பங்கேற்ற 'இஸ்கீமியா' என்ற ஆய்வில், நிலையான (திடீரென மோசமாகாமல் ஒரே அளவில் இருக்கும்) கரோனரி நோய் உள்ளவர்களுக்கு மருந்துடன் உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்ததற்கும், மருந்தோடு தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் அவற்றைச் செய்ததற்கும் இடையே உயிரிழப்பில் வேறுபாடு காணப்படவில்லை. முதன்மை இடது கரோனரி குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அத்தகையோருக்குக் கணக்கு வேறு. நடைப்பயிற்சியும் நிரந்தரமாக நின்றுவிடாது. நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமடைந்த ஒருவரைப் பற்றி ஹெபர்டனே எழுதியிருக்கிறார். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதைச் சோதனைக்குப் பின் மருத்துவர் வரையறுப்பார்.

கேள்வி: என் மகனுக்கு வயது 22. ஜிம்மில் எடை தூக்கிய மறுநாள் இடது மார்பில் வலிக்கிறது என்கிறான். பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: விரலால் அழுத்தினால் அதே இடத்தில் வலிக்கிறதா, கையை உயர்த்தினாலும் உடலைத் திருப்பினாலும் கூடுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால், பெரும்பாலும் அது தசைப் பிடிப்பு. சில நாள் ஓய்வு போதும். ஆனால், பயிற்சியின் நடுவே மயங்கி விழுந்திருந்தாலோ, படபடப்போடு நெஞ்சு வலித்திருந்தாலோ, குடும்பத்தில் யாரேனும் இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ, இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் போன்றவற்றை எக்கோ எடுத்து விலக்கும்வரை அவர் ஜிம்முக்குப் போக வேண்டாம். தசை வளர்ச்சிக்கென்று ஊசியோ மாத்திரையோ எடுக்கிறாரா என்பதையும் தனியே அழைத்துக் கேளுங்கள். அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் வராது.