வராத நாளுக்கு 200 ரூபாய் பிடித்தம்

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் வங்கி வேலை. வீட்டில் கணவர், இரண்டு பெண் குழந்தைகள், இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் 74 வயது மாமியார். அவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறோம். அடுத்த பெருந்தொற்று ஃப்ளூவாக இருக்கலாம் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என்95 மாஸ்க் நான்கு பெட்டி, ஆக்சிமீட்டர் இரண்டு, ஃப்ளூவுக்கான டாமிஃப்ளூ மாத்திரை, 14,000 ரூபாய்க்கு ஏர் ப்யூரிஃபையர், ஒரு மாதத்துக்கு அரிசி, பருப்பு எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். கணவர் கேலி செய்கிறார். வீட்டு வேலைக்கும் மாமியாரைக் குளிப்பாட்டவும் வரும் அக்காவுக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுக்கிறோம். வராத நாளுக்கு 200 பிடித்துக்கொள்வதால் அவர் லீவே போடுவதில்லை, அந்தக் கவலை இல்லை. எங்கள் அடுக்ககத்தில் 96 வீடுகள், சங்கத்தில் நான் கமிட்டி உறுப்பினர். இன்னும் என்னென்ன செய்ய வேண்டும்? நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனா?
பெயர் வேண்டாம், கோவை

பதில்: 2020-க்குப் பிறகு இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பார்த்துச் சிரிக்கிற கணவர் ஒருவர் இருப்பார், கடைசியில் ‘நான் அதிகம் பயப்படுகிறேனா’ என்று முடியும். உங்கள் பயத்தை அளந்து சொல்வது என் வேலையில்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘அவர் லீவே போடுவதில்லை, அந்தக் கவலை இல்லை’ என்று, எனக்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அம்மணி, நீங்கள் கவலைப்பட வேண்டியதே அதற்குத்தான்.

ஃப்ளூ பிடித்தவர் உடம்பு சுடுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். படுத்த பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார், முதல் மூன்று நாள்தான் மிக மோசம். அந்த மூன்று நாளில் உங்கள் அக்கா என்ன செய்வார்? 600 ரூபாய் போய்விடும் என்று கணக்குப் போடுவார். ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு, சூடு இறங்கியதும் பஸ் ஏறி வருவார். உங்கள் மாமியாரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைப்பார், தலை துவட்டுவார், சேலை மாற்றிவிடுவார். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருக்காது. அப்போது உங்கள் நான்கு பெட்டி மாஸ்க் எங்கே இருக்கும்? அலமாரியில்!

வயது 74, சர்க்கரை, எழுந்து நடமாட்டமில்லை. ஃப்ளூ நிமோனியாவில் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களைத்தான். அந்த வீட்டில் அவரைத் தினமும் தொடுகிற ஒருவருக்கு மட்டும் காய்ச்சலில் படுத்துக்கொள்ள அனுமதியில்லை. அனுமதி இல்லாமல் ஆக்கியது நீங்கள்.

ஊர் வழக்கம் அதுதானே என்பீர்கள். உங்களுக்கு வங்கியில் மருத்துவ விடுப்பு இருக்கிறதல்லவா? அதை யாரும் உங்களுக்குப் போட்ட பிச்சையாக நினைப்பதில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். 2020 ஏப்ரல், மே மாதங்களில் எத்தனையோ அடுக்ககங்கள் கேட்டைப் பூட்டி வேலைக்காரர்களை வெளியே நிறுத்தின. அந்த மாதங்களின் சம்பளத்தை அவருக்குக் கொடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் நல்லது. கொடுக்கவில்லையென்றால் அவர் அதை மறந்திருக்க மாட்டார். அடுத்த முறை இருமலை மறைத்துக்கொண்டுதான் வருவார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

1918-ல் பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். அந்த ஆண்டு பம்பாய் நகரக் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு எட்டுப் பேர் போனார்கள். அரசு ‘தாழ்ந்த சாதி’ என்று குறித்துவைத்த இந்துக்களில் ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியது. கிருமி ஒன்றுதான். மருந்து யாரிடமும் இல்லை. ஒரு பக்கம் காற்றோட்டமான வீடு, படுத்தால் கஞ்சி கொடுக்க ஆள். இன்னொரு பக்கம் ஒரே அறையில் ஒரு குடும்பம், மழை பொய்த்து விலையேறிய வருடம், படுத்தால் அன்றைய கூலி இல்லை. நூறு வருடத்துக்கு மேலாகிறது, உங்கள் வீட்டுச் சம்பளக் கணக்கில் அந்தக் கடைசி வரி இன்னும் இருக்கிறது.

தடுப்பூசி வந்துவிடும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2009-ல் புது ஃப்ளூவை ஏப்ரலில் கண்டுபிடித்தார்கள், உலகத்தில் முதல் ஊசிகள் வர செப்டம்பர், அக்டோபர் ஆயிற்று. நம் நாட்டில் தயாரான ஊசி 2010 ஜூனில்தான் வந்தது. அந்த இடைப்பட்ட மாதங்களில், நோய் கண்டவர் வீட்டில் இருப்பதும், மாஸ்க்கும், திறந்த ஜன்னலும், சோப்பும்தான் துணை. முதலாவதற்கு உங்கள் பட்டியலில் ஒரு பைசா ஒதுக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். காய்ச்சல் என்றால் ஏழு நாள் வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு 1,400 ரூபாய் ஆகிறது. அந்த ஏர் ப்யூரிஃபையர் விலையில் பத்து வாரம் கொடுக்கலாம். (அதைக் குறை சொல்லவில்லை. மாமியார் அறை ஜன்னலைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?) ஆக்சிமீட்டரில் ஒன்றும் மாஸ்க்கில் ஒரு பெட்டியும் அக்கா வீட்டுக்குப் போகட்டும். ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே காட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். வருடாந்தர ஃப்ளூ ஊசியை மாமியாருக்குப் போடும்போது அக்காவுக்கும் போடுங்கள். புது வைரஸை அது நிறுத்தாமல் போகலாம், வழக்கமாக வருகிற ஃப்ளூவுக்கு உதவும். டாமிஃப்ளூவை நீங்களாக யாருக்கும் கொடுக்க வேண்டாம். முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு வேறு, சர்க்கரைக்காரருக்கு அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். எந்த டாக்டரைக் கூப்பிடுவது என்று இன்றே முடிவு செய்யுங்கள்.

சரி, அக்கா ஏழு நாள் வரவில்லை, நீங்களும் படுத்துவிட்டீர்கள். இன்சுலின் எத்தனை யூனிட் என்று உங்கள் கணவருக்குத் தெரியுமா? கேலி செய்ய அவருக்கு நேரமிருக்கிறதே, இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஊசி போடட்டும், கஞ்சி வைக்கட்டும், தாயைத் தூக்கி உட்கார வைக்கட்டும். கூச்சமாக இருக்கிறது என்பார். பெற்றவளின் உடம்பைத் தொட மகனுக்குக் கூச்சம், மாதம் 6,000 வாங்குபவருக்குக் கூச்சம் கூடாது என்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய பெண்ணும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.

சங்கத்துக்கும் இதேதான். வாட்ஸ்அப்பில் கைகழுவும் படங்களை அனுப்புவதை நிறுத்திவிட்டு, செக்யூரிட்டி, துப்புரவு ஆட்கள், வேலைக்கு வரும் பெண்கள் எல்லாருக்கும் சம்பளத்தோடு காய்ச்சல் விடுப்பு என்று கமிட்டியில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஏஜென்சி மூலம் வருபவர்கள் என்றால் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில், அவர்கள் கதவை யார் தட்டுவது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எதிர்ப்பு வரும். ‘லீவு கொடுத்தால் ஏமாற்றுவார்கள்’ என்று ஒருவராவது சொல்வார். வருடத்துக்கு இரண்டு நாள் ஏமாற்றட்டுமே, உங்கள் வங்கியில் யாரும் பொய்க் காய்ச்சலில் லீவு போட்டதில்லையா?

அக்காவிடம் நாளைக் காலையே சொல்லுங்கள். வாயால் சொன்னால் நம்ப மாட்டார். இதுவரை காய்ச்சலுக்காக எப்போதாவது பிடித்திருந்தால் அந்தப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள்.