60 சந்தைகளுக்கு எந்த வரைபடம்?

கேள்வி: எங்கள் மாவட்டத்து வாரச்சந்தைகள் 60-ஐயும் இணையதளத்தில் வரைபடமாகக் காட்ட வேண்டும். கட்டணமில்லாமல், தமிழில் செய்ய முடியுமா?

முடியும். லீஃப்லெட் போதும். 2011-ல் வந்த இந்த ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் சுமார் 42 கேபிதான். சந்தையில் நின்று பழைய போனில் திறந்தாலும் வந்துவிடும். மேப்லிப்ரே என்ற இன்னொரு நூலகத்தில் வரைபடத்தைச் சுழற்றலாம், சாய்க்கலாம். ஆனால் எழுத்துகளை அதுவே வரைவதால் தமிழில் சறுக்கியிருக்கிறது. ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். லீஃப்லெட்டில் குறியைத் தொட்டதும் திறக்கும் பெட்டி சாதாரண எச்டிஎம்எல். சந்தையின் பெயரையும் கிழமையையும் பிரவுசரே பிழையின்றிக் காட்டிவிடும்.

குறிகளுக்கு அடியில் தெரியும் அடிப்படம், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வரட்டும். பலரும் குழம்புவது இங்கேதான். தரவை யாரும் எடுத்துக்கொள்ளலாம். படத்துண்டுகளை அனுப்பும் சர்வரோ நன்கொடையில் ஓடுகிறது. சிறிய தளம் பயன்படுத்தலாம், மொத்தமாக இறக்கி வைக்கக் கூடாது, கூட்டம் பெருகினால் தடுத்துவிடுவார்கள். அந்த நிலை வந்தால் பிஎம்டைல்ஸ் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறுங்கள். உங்கள் மாவட்டத்தை மட்டும் வெட்டி ஒரே கோப்பாக உங்கள் இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் மூலையில் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்ற வரி இருந்தே ஆக வேண்டும். அது உரிமத்தின் நிபந்தனை. தெருத் தெருவாக நடந்து பதிந்தவர்களுக்கு நாம் தரும் கூலியும் அது ஒன்றுதான், தயவுசெய்து மறைக்காதீர்கள்.

குறி வைக்கும்போது எண்களின் வரிசையைப் பாருங்கள். மணப்பாறைக்கு லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து, 10.6, 78.4 என்று எழுத வேண்டும். இடங்களின் விவரத்தைச் சேமிக்கும் ஜியோஜேசான் கோப்பிலோ 78.4, 10.6. மாறிப்போனால் மாட்டுச்சந்தை ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போய் நிற்கும். திரையில் எதுவும் தெரியாது. கோடில் பிழை என்று நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

இன்னொன்று, வரைபடத்தை உங்கள் மாவட்டத்துக்குள் பூட்டிவிடுங்கள். நாடு முழுவதும் தெரியும்படி விட்டால் காஷ்மீர் எல்லை அரசின் சர்வே ஆஃப் இந்தியா படத்தோடு ஒத்துப்போகாது. நம் சட்டப்படி அது சிக்கல்.

இடங்களைப் பெயர் கொடுத்துத் தேடியெடுக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தேடல் சேவையான நாமினேட்டிம் இருக்கிறது, நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் ‘புதூர்’ என்று கொடுத்தால் எந்தப் புதூரைத் தரும்? 60 இடம்தானே, சந்தை நாளில் நேரில் போய் போனில் பதிந்துவிடுங்கள். அப்படியே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் சேர்த்துவிடுங்கள். தமிழ்ப் பெயருக்கு அங்கே தனி இடம் உண்டு, கூடும் கிழமையையும் குறிக்கலாம்.