செம்மண்ணு ஒட்டின ஃபோர்வீல் வண்டியை வீட்டுலயே கழுவுறது எப்படி? கேள்வி-பதில்

ஃபார்ச்சூனர், தார், ஸ்கார்பியோ, கூர்க்கானு காரைக்குடி சுத்துப்பட்டுல பெரிய வண்டிக வருசத்துக்கு வருசம் கூடிக்கிட்டே போகுது, அதை வீட்டு வாசல்லயே வச்சு கழுவுறவங்களும் கூடிட்டாங்க, ரொம்ப சந்தோசம். வந்த கேள்விகள்ல பலபேருக்கும் பொதுவா உதவுறதை எடுத்து பதில் சொல்லியிருக்கேன். எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதாங்க, நம்ம மண்ணு ஒட்டின வண்டியில மொதல்ல தண்ணி படணும், அப்புறம்தான் கை படணும்.

கேள்வி (கானாடுகாத்தான்): எங்க அப்பச்சி தெனமும் காலைல காஞ்ச துணியால வண்டியைத் தூசி தட்டச் சொல்றாக. கருப்பு ஸ்கார்பியோ. இப்ப வெயில்ல பாத்தா பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கோடு தெரியுது. ஷாம்பூ சரியில்லையா?

ஷாம்பூ மேல குத்தமில்ல தம்பி, அந்தத் துணிதான். அப்பச்சிகிட்ட பதமா எடுத்துச் சொல்லுங்க, அவுக காலத்து வண்டி பெயின்ட்டு வேற, அதுல பாலிஷ் போட்டா துணியில கலரே வரும், இப்ப வர்ற வண்டியில கலருக்கு மேல கிளியர் கோட்னு நெறமில்லாத ஒரு படலம் இருக்கு, அது சுமாரா 40, 50 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரை இருபதா வகுந்தா அதுல ஒரு பங்கு. நம்ம செம்மண்ணுக்கு செவப்பு குடுக்குறது இரும்பு ஆக்சைடு, ஆனா கோடு போடுறது அதுல கலந்து கெடக்குற குவார்ட்ஸ் மணலு, கெட்டித்தனத்தை அளக்குற மோஸ் அளவுல 7, சாதாரண கத்தி எஃகைவிட கெட்டி. காஞ்ச துணியை அதுமேல வச்சு தேய்ச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. துணி எவ்வளவு மெத்துனு இருந்தாலும் நடுவுல இருக்கிறது மணலுதான்.

தூசி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், தூசி சும்மா ஒக்காந்திருந்தா பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. கண்ணாடி, லைட்டு, நம்பர் பிளேட் மட்டும் ஈரத்துணியால தொடைங்க, மத்ததை வாரம் ஒருதடவை முறையா கழுவுங்க. இப்ப விழுந்திருக்கிற வட்டக் கோடு பெரும்பாலும் மெஷின் பாலிஷ்ல போயிரும், ஆனா ஒவ்வொரு பாலிஷும் அந்தப் படலத்துல கொஞ்சத்தைச் சுரண்டித்தான் எடுக்குது, அதுனால மொதல்ல பழக்கத்தை மாத்திட்டு அப்புறம் பாலிஷ் போடுங்க, இல்லேன்னா ரெண்டு மாசத்துல திரும்ப அதே கோடுதான்.

கேள்வி (பள்ளத்தூர்): ஃபார்ச்சூனர் வச்சிருக்கோம், கூரை எட்ட மாட்டேங்குது, டயர் மேல ஏறி நின்னு கழுவுறேன். எதுலேருந்து ஆரம்பிக்கிறது? தண்ணி வேற பஞ்சம்.

டயர் மேல ஏறாதீங்கண்ணே, ஈரத்துல வழுக்குச்சுன்னா விழுற இடம் சிமென்ட்டுத் தரை. வண்டி ஒயரம் 1835 மில்லிமீட்டர், அதாவது ஆறடி, நல்ல அகலமான ஒரு ஸ்டூல் போட்டு நின்னா நடுக்கூரை வரைக்கும் கை போகும், அதுக்கும் மேல போகணும்னா நீளக் கம்பு வச்ச மைக்ரோஃபைபர் மாப் வாங்கிக்கங்க, அதை வண்டிக்குன்னே தனியா வைங்க, வீடு தொடைக்கிற மாப்பை எடுத்துறாதீங்க.

காலைல ஆறு, ஏழு மணி, இல்ல வெயில் தாழ்ந்த பெறகு, பானட்டைத் தொட்டா சூடு இருக்கக்கூடாது. டயரு, வீல் மொதல்ல, அதுக்குத் தனி பக்கெட்டு தனி பிரஷ்ஷு, ஏன்னா பிரேக்குலேருந்து வர்ற இரும்புத் தூளு அங்கதான் இருக்கு, அந்தத் துணி பாடி பக்கமே வரக்கூடாது. ஓட்டிட்டு வந்த ஒடனே வீல்ல தண்ணி ஊத்தாதீங்க, பிரேக் டிஸ்க்கு ஆறட்டும். அப்புறம் வண்டி முழுக்க தண்ணி அடிச்சு மண்ணை ஊறவிட்டு எறக்குங்க, அவசரப்படாதீங்க, பாதி வேலை இதுலயே முடிஞ்சிரும். அதுக்கப்புறம் ரெண்டு பக்கெட்டு, ஒண்ணுல ஷாம்பூ தண்ணி, ஒண்ணுல வெறும் தண்ணி, ஒரு கதவு தேய்ச்சதும் கையில மாட்டித் தேய்க்கிற கிளவுஸை வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் திரும்ப ஷாம்பூவுல முக்கணும். கூரையிலேருந்து கீழ வாங்க, கதவோட அடிப்பக்கமும் மட்கார்டு ஓரமும் கடைசி. பாத்திரம் கழுவுற லிக்விட், துணி சோப்புத்தூள் ரெண்டுமே வேண்டாம், ஏற்கனவே போட்ட வேக்ஸை அது வழிச்சு எடுத்துரும், கார் ஷாம்பூவே விலை ஒண்ணும் அதிகமில்ல.

தண்ணிக்கு வருவோம். தோட்டத்து ஓஸைத் தொறந்து விட்டா நிமிசத்துக்கு 10, 15 லிட்டர் போகும், அரைமணி நேரம் விட்டா 300 லிட்டருக்கு மேல காலி. வீட்டுக்குன்னு விக்கிற சின்ன பிரஷர் வாஷர் நிமிசத்துக்கு 6, 7 லிட்டர்தான் எடுக்கும், அகல நாசில் போட்டு ஒரு அடியாவது தள்ளி நின்னு அடிச்சா போதும். ஊசியா அடிக்கிற நாசிலை பெயின்ட்டுலயோ ஸ்டிக்கர் ஓரத்துலயோ காட்டாதீங்க, உரிச்சிரும்.

கேள்வி (தேவகோட்டை): போர் தண்ணியில கழுவுறோம், காஞ்சதும் வெள்ளை வெள்ளையா புள்ளி. வெள்ளை வண்டியில தெரியல, கண்ணாடியிலயும் கருப்பு பிளாஸ்டிக்லயும் அசிங்கமா இருக்கு.

அது தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு சத்து. தண்ணி ஆவியாப் போயிரும், சுண்ணாம்பு ஒக்காந்துரும், அப்படியே வெயில்ல நிறுத்துனீங்கன்னா நாள்பட நாள்பட பெயின்ட்டையே அரிக்க ஆரம்பிக்கும். புதுப் புள்ளின்னா வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து மைக்ரோஃபைபர் துணியில நனைச்சு புள்ளி மேல ஒரு நிமிசம் ஒத்தடம் குடுங்க, கரைஞ்சிரும், ஒடனே நல்ல தண்ணி விட்டு அலசிறணும், சூடான பாடியில இதைப் பண்ணாதீங்க. ஆனா நிரந்தர வழி, காய விடாம தொடைக்கிறது. பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ரெண்டு வாங்குங்க, தேய்க்காம அப்படியே விரிச்சுப் போட்டு இழுத்தா தண்ணியை உறிஞ்சிரும். அந்தத் துண்டைத் துவைக்கிறப்ப கம்ஃபர்ட் மாதிரி வாசனை லிக்விட் ஊத்தாதீங்க, ஊத்துனா அப்புறம் தண்ணியைக் குடிக்காது.

நம்ம வீடுகள்ல இருக்கிற ஒரு வசதியை யாரும் நெனைக்கிறதே இல்ல. மழை பெய்யறப்ப முத்தத்துல ஓட்டுலேருந்து விழுற தண்ணிக்கு அண்டா, கெடாரம் வச்சு புடிக்கிறது நம்ம பழக்கம்தானே? மழைத்தண்ணியில சுண்ணாம்பே கெடையாது. மொத மழையை விட்டுருங்க, அதுல ஓட்டுத் தூசி பூரா வரும், அப்புறம் வர்றதை ஒரு டிரம்முல புடிச்சு துணி கட்டி மூடி வச்சுக்கங்க. கழுவுறது அலசுறது எல்லாம் போர் தண்ணியிலயே பண்ணிட்டு கடைசியா ரெண்டு பக்கெட் மழைத்தண்ணி கூரையிலேருந்து மெதுவா ஊத்தி எறக்கிப் பாருங்க, தொடைக்காட்டியும் புள்ளி ரொம்பக் கொறையும். ஐப்பசி, கார்த்திகையில புடிச்சது மாசக்கணக்குல வரும்.

கேள்வி (திருப்பத்தூர் பக்கம்): கம்மாக்கரை வழியா தோப்புக்குப் போறதுல ரெண்டு பக்கமும் கருவேல முள்ளு கீறிருச்சு. செராமிக் கோட்டிங் போட்டா இனிமே கீறாதுன்னு கடையில சொல்றாங்க, 9எச்-னு போட்டிருக்கு, நம்பலாமா?

அந்த 9எச்ங்கிறது பென்சில் கடினத்தைச் சொல்ற அளவு, பென்சிலால கோடு போட்டுப் பாக்குற சோதனை, அதைப் பாத்துட்டு வைரத்துக்குப் பக்கத்துல வந்துருச்சுன்னு நெனைச்சுறாதீங்க. செராமிக் நல்ல சாமான்தான், நான் வேண்டாம்னு சொல்லல, தண்ணி நிக்காது, செம்மண்ணு லேசா கழண்டு வரும், கழுவுற வேலை பாதியாக் கொறையும். ஆனா சீமைக்கருவேல முள்ளைத் தடுக்க அதால முடியாது, அது அவ்வளவு மெல்லிசான பூச்சு. முள்ளுக்குன்னா பெயின்ட் மேல ஒட்டுற, பிபிஎஃப்னு சொல்ற பிளாஸ்டிக் ஃபிலிம்தான், அது 150லேருந்து 200 மைக்ரான் கனம், வண்டி முழுக்க ஒட்டுனா செலவு கண்ணைக் கட்டும், அதனால முன் மட்கார்டு, நாலு கதவு, பின் வீலுக்கு மேல உள்ள வளைவு, இதுக்கு மட்டும் ஒட்டிக்கங்க, முள்ளு படுற இடம் அதுதான்.

இருக்கிற கீறலுக்கு நகத்தை குறுக்க ஓட்டிப் பாருங்க. நகம் தட்டாம போச்சுன்னா கிளியர் கோட்டோட நின்னுருச்சு, கையாலயே காம்பவுண்ட்னு விக்கிற தேய்க்கிற பசையைப் போட்டு அப்புறம் பாலிஷ் போட்டா போயிரும். லேசா தட்டுச்சுன்னா மங்கும், முழுசா போகாது, அதுக்காக ஒரே இடத்துல போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருக்காதீங்க. நகம் நின்னு உள்ள கறுப்பாவோ வெள்ளையாவோ பிரைமர் தெரிஞ்சா டச்சப் பெயின்ட்தான், இரும்பு தெரிஞ்சா தள்ளிப் போடவே கூடாது, மழைக்காலம் வந்தா துரு புடிச்சிரும். டயருல முள்ளு குத்தியிருக்கான்னும் அப்படியே பாத்துருங்க, கழுவுன டயருல நல்லாத் தெரியும்.

கேள்வி (புதுக்கோட்டை ரோடு): வாட்டர் வாஷ் விட்டா கடைசியா அடியில டீசல் அடிச்சு விடுறாங்க, துருப் புடிக்காதுங்கிறாங்க. போன மாசம் தனுஷ்கோடி போயி மணல்ல எறக்கிட்டு வேற வந்தோம்.

டீசல் வேண்டவே வேண்டாங்க, இதை நான் அழுத்திச் சொல்றேன். வண்டி அடியில எத்தனை ரப்பர் இருக்கு, புஷ்ஷு, ஆக்சிலை மூடியிருக்கிற ரப்பர் உறை, ஓஸு, இதெல்லாம் டீசல் பட்டா ஊறி மெத்துனு ஆயி சீக்கிரம் போயிரும். ரெண்டு நாளைக்கு பளபளன்னு தெரியும், அந்த எண்ணெயில நம்ம செம்மண்ணு வந்து அப்பிக்கும், அவ்வளவுதான். அடிக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லிட்டு விடுங்க.

உப்புதான் உண்மையான எதிரி. தனுஷ்கோடி, தொண்டி, தேவிபட்டினம் எங்க போனாலும் வந்து ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள அடிப்பாகத்தைக் கழுவிறணும், மேல கழுவாட்டிக்கூட பரவாயில்ல. ஃபார்ச்சூனர், தார், ஸ்கார்பியோ எல்லாம் ஏணி மாதிரி தனி சேசிஸ் மேல பாடி ஒக்காந்த வண்டிக, அந்த சேசிஸ் உள்ளுக்குள்ள வெத்தா இருக்கிற கூடு, அதுக்குள்ள மணலும் உப்பும் போயி தங்கிரும். தோட்டத்துக்குச் சுத்துற ஸ்ப்ரிங்ளர் இருக்குல்ல, அதை வண்டிக்கு அடியில தள்ளி முன்னால கொஞ்ச நேரம், நடுவுல கொஞ்ச நேரம், பின்னால கொஞ்ச நேரம் ஓட விடுங்க, உப்பு கரையுறதுக்கு வேகம் தேவையில்ல, தண்ணி நெறையா படணும். சேசிஸ்ல ஓட்டை ஓட்டையா இருக்கும் பாருங்க, அதுல ஓஸை விட்டு வெளிய கலங்கலில்லாத தண்ணி வர்ற வரைக்கும் அலசுங்க, அந்த ஓட்டையை எந்த கோட்டிங் போட்டும் அடைச்சிறாதீங்க. ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில மட்டும் நுழையாதீங்க, அது டயர் மாத்துறதுக்கு உள்ள ஜாக்கி, ஆளு படுக்குறதுக்கு இல்ல.

நீங்க போன மாசமே போயிட்டு வந்துட்டீங்க, இன்னும் கழுவலேன்னா இன்னைக்கே பண்ணுங்க, அப்புறம் டார்ச் அடிச்சு போல்ட்டு தலை, வெல்டிங் ஓரம் எல்லாம் பாருங்க. செவப்பா பொடி வந்தா கம்பி பிரஷ் போட்டு சுரண்டி பிரைமர் அடிக்கணும். துரு மேலயே கறுப்பு கோட்டிங் அடிச்சா ஈரத்தை உள்ள வச்சு மூடுனதாத்தான் ஆகும். ஆக்சில் முங்குற அளவு தண்ணியில எறக்கியிருந்தா மெக்கானிக்கைக் கூப்புட்டு டிஃபரென்ஷியல் ஆயில் தண்ணி கலந்து பால் கலர்ல மாறியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, புரொப்பல்லர் சாஃப்ட்டு கிராஸ்ல கிரீஸ் நிப்பிள் இருந்தா பழைய கிரீஸ் வெளிய தள்ளுற வரைக்கும் புதுசு அடிக்கச் சொல்லுங்க.

கேள்வி (கோட்டையூர்): இன்ஜின் பக்கம் தண்ணி அடிக்கலாமா?

பிரஷர் வாஷர்ல அடிக்காதீங்க. இன்ஜின் ஆறினதும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய் மூணையும் பாலிதீன் கவரால கட்டிட்டு ஈரத்துணி, பெயின்ட் பிரஷ் வச்சு தொடைச்சா போதும். அதைவிட முக்கியம் வைப்பருக்குக் கீழ இருக்கிற பள்ளம், வேப்பமரத்தடியில நிறுத்துறவங்க வண்டியில அங்க எலையும் பூவுமா அடைஞ்சிருக்கும், மழைத்தண்ணி வடிய வழியில்லாம ஏசி புளோவர் பக்கம் எறங்கிரும். சன்ரூஃப் இருந்தா அதோட நாலு மூலையையும் அதே மாதிரி பாருங்க.

கேள்வி (குன்றக்குடி): பிள்ளையார்பட்டியில புது வண்டிக்கு பூஜை போட்டோம். சந்தனம், குங்குமம், மஞ்சள் எல்லாம் வெள்ளை பானட்ல கறையா நிக்குது. சுரண்டவும் மனசில்ல.

சுரண்டாதீங்க, சாமி காரியத்துக்கும் ஆகாது பெயின்ட்டுக்கும் ஆகாது. ஈரத்துணியை நனைச்சு அதுமேல அஞ்சு, பத்து நிமிசம் போட்டு வைங்க, சந்தனம் தானா இளகி வரும், அழுத்தாம எடுத்துருங்க, அப்புறம் ஷாம்பூ. மஞ்சக்கறை கொஞ்சம் நின்னா பயப்படாதீங்க, மஞ்சள் நெறம் வெயில் பட்டா தானா வெளுத்துப் போயிரும், நாலஞ்சு நாள் விடுங்க. அடுத்த ஆயுத பூஜைக்கு பொட்டை கண்ணாடி ஓரத்துலயும் நம்பர் பிளேட்லயும் வச்சுக்கங்க, மாலையை சாயங்காலமே எடுத்துருங்க, பானட் மேல பூ வாடிக் கெடந்தாலும் கறை விழும்.

கேள்வி (ஆத்தங்குடி): அலாய் வீல் கிளீனர் தரையில பட்டு எங்க வாசல் பூக்கல்லு வெளுத்துருச்சு.

அந்த கிளீனர்ல ஆசிட் இருந்திருக்கும் ஆச்சி. ஆத்தங்குடி கல்லு சிமென்ட்டும் மணலும் கலரும் சேத்து கண்ணாடி மேல ஊத்தி எடுக்குறது, சிமென்ட்டுக்கு ஆசிட் ஆகவே ஆகாது, போன மெருகு அந்தக் கல்லுல பழையபடி திரும்ப வர்றது கஷ்டம். இனிமே ஆசிட் இல்லாததான்னு கேட்டு வாங்குங்க, வண்டியையும் கல்லு பாவின இடத்தைத் தாண்டி மண்ணு தரையில நிறுத்தி கழுவச் சொல்லுங்க. ஊருணிக் கரையில கொண்டுபோயி கழுவுற பழக்கம் யாருக்காவது இருந்தா தயவுசெஞ்சு விட்டுருங்க, குடிக்கிற தண்ணியில ஷாம்பூவும் எண்ணெயும் எறங்குது.

கேள்வி (திருமயம்): மயிலு கூரையில வந்து ஒக்காருது, கதவைக் கொத்துது. எச்சமும் பெருசு பெருசா.

பளபளன்னு இருக்கிற கதவுல தன்னையே பாத்துட்டு இன்னொரு மயிலுன்னு சண்டைக்கு நிக்குது. மூடி வைக்கிறதுதான் வழி, ஆனா தூசி வண்டிமேல கவரைப் போடாதீங்க, காத்துக்கு ஆடி ஆடி அதுவே தேய்ச்சுரும், கழுவிட்டுப் போடுங்க. எச்சத்தை அன்னைக்கே ஈரத்துணி போட்டு ஊறவச்சு எடுத்துறணும், சித்திரை வெயில்ல ஒரு பகல் விட்டாலே தடம் விழுந்துரும்.

கேள்வி (காரைக்குடி): தார் உள்ள தண்ணி விட்டே கழுவலாமாமே? சீட்டு தலைமாட்டுல எண்ணெய்க் கறை வேற.

தரையில தண்ணி வடிய அடைப்பான் இருக்கு, அதைக் கழட்டிட்டு தரையை அலசலாம், ஆனா சீட்டுக்கு அடியில ஒயர் கனெக்டர் போகுது, டேஷ்போர்டுல சுவிட்சு இருக்கு, அதுனால ஓஸைத் தூக்கிப் புடிக்காம மக்குல ஊத்துங்க. அதுக்கு முன்னாடி மண்ணை காஞ்சபடியே வாக்குவம்ல எடுத்துருங்க, நனைஞ்சா சேறாயி ஓரத்துல போயி ஒக்காந்துக்கும். முடிச்சிட்டு கதவைத் தொறந்துபோட்டு காய விடுங்க, அடைப்பானைத் திரும்ப மாட்ட மறந்துறாதீங்க.

தலைமாட்டுல இருக்கிறது தேங்காயெண்ணெய், லெதர் சீட்டுன்னா லெதர் கிளீனரை துணியில தெளிச்சு தொடைங்க, சீட்டு மேல நேரா தெளிக்காதீங்க, தையல்ல எறங்கும். அதுக்கப்புறம் ஒரு வெள்ளைத் துண்டு போட்டு வச்சுட்டா வாராவாரம் துண்டை மட்டும் துவைச்சா போதும். டேஷ்போர்டு பாலிஷை ஸ்டீயரிங், பெடல் ரெண்டுலயும் போடாதீங்க, பிரேக் அடிக்கிறப்ப கால் வழுக்கிரும்.