வாசகர் கேள்வி – பதில்: முனைவர் பட்டமும் பொது வாய்மொழித் தேர்வும்

கேள்வி: என் மகள் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள், பொது வாய்மொழித் தேர்வுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. நாங்கள் குடும்பத்தோடு போகலாமா? தேர்வாளர்களின் அறிக்கை முன்பே வந்துவிட்டதால், அன்று நடப்பது வெறும் சடங்கு என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், முக்கூடல்

பதில்: உறவினர் சொன்னதில் பாதி உண்மை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டை நெறியாளரோடு குறைந்தது 2 புறத்தேர்வாளர்களும் மதிப்பிட வேண்டும். அவர்கள் ஏற்றுப் பரிந்துரைத்த பிறகுதான் வாய்மொழித் தேர்வே நடக்கும் என்பதால், அரங்கில் தோற்றுத் திரும்புபவர்கள் அரிது. எனினும், அறிக்கையில் எழுப்பப்பட்ட ஐயங்களுக்குத் தங்கள் மகள் புறத்தேர்வாளரின் முகத்துக்கு நேரே விடை சொல்லியாக வேண்டும். அவர் துருவிக் கேட்பவராக அமைந்துவிட்டால் சடங்கு என்ற பேச்சுக்கே அங்கு இடமிராது.

ஆய்வு ஆலோசனைக் குழுவினர், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், மாணவர்கள் ஆகியோருக்கு அரங்கம் திறந்திருக்கும் என்பதே விதி. வீட்டார் வந்து பின்வரிசையில் அமர்வது வழக்கத்தில் இருப்பதுதான் என்றாலும், துறைத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஒன்றைக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்: வந்தவர்களுக்கெல்லாம் விருந்து, தேர்வாளருக்குச் சால்வை என்று கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். அந்த ஒழுங்குமுறையில் அப்படி எதுவும் இல்லை.

கேள்வி: உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், மனநோய்க்குச் சிகிச்சை அளிக்கலாமா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அந்தப் பட்டம் மட்டும் போதாது. மருந்து எழுதித் தருபவர் மருத்துவம் படித்த மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய அதற்குரிய பயிற்சியும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் வேண்டும்.

கேள்வி: நான் முதுகலை உளவியல் மாணவி. துறையில் நடக்கும் சிறப்புரைகளுக்கும் வாய்மொழித் தேர்வுகளுக்கும் தவறாமல் போகிறேன். திரையில் புள்ளியியல் அட்டவணைகள் வந்ததும் மிரண்டுபோய், வாய் திறக்காமல் வந்துவிடுகிறேன். என்ன கேட்கலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அட்டவணையை விட்டுவிட்டு, அதில் உள்ள எண்கள் எப்படிக் கிடைத்தன என்று கேளுங்கள். பீடி சுற்றும் பெண்களின் மன அழுத்தத்தைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கூற்றுக்கும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதிலிருந்து ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை 5 விடைகள் கொண்ட படிவம். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, அன்றைய கணக்கை முடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில், கை நிற்காமல் இலையைச் சுருட்டுகிற ஒருவரிடம் ஆய்வாளர் அதை வாசித்துக் காட்டுகிறார். பக்கத்தில் மாமியார் இருக்கிறார். ‘வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது’ என்ற கூற்றுக்கு அந்தப் பெண் வேறு என்ன விடை சொல்லிவிட முடியும்? “ஆமாம்னே போட்டுக்கோங்க” என்பார். அவர் உடன்பட்டதாகப் படிவத்தில் குறியும் விழுந்துவிடும்.

ஆகவே படிவத்தை அவர்களே நிரப்பினார்களா, வாசித்துக் காட்டி நிரப்பினீர்களா, அப்போது உடன் இருந்தவர்கள் யார், பதில் சொல்ல விருப்பமில்லை என்று எழுந்துபோக அவர்களுக்கு உண்மையிலேயே வழி இருந்ததா என்றெல்லாம் தாராளமாகக் கேட்கலாம். இவற்றுக்குப் புள்ளியியல் அறிவு தேவையில்லை. ஆனால் இவற்றில் ஆய்வு ஆட்டங்கண்டால், பின்னால் வரும் அட்டவணைகள் அத்தனையும் ஆட்டங்காணும்.

‘கிரான்பாக் ஆல்ஃபா 0.85’ என்று பெருமையோடு காட்டுவார்கள். 1951இல் அமெரிக்க உளவியலாளர் லீ கிரான்பாக் எழுதிய கட்டுரையால் பரவிய அந்த அளவு, படிவத்தின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் சொல்லும். எல்லாரும் எல்லாவற்றுக்கும் மாமியாருக்குப் பயந்தே விடையளித்திருந்தாலும் கூற்றுகள் ஒத்துப்போகத்தான் செய்யும்! எனவே, அளக்க நினைத்ததைத்தான் அளந்தீர்கள் என்பதற்கு வேறென்ன சான்று என்று தொடர்ந்து கேளுங்கள். ஒரே சமயத்தில் திரட்டிய தகவலில் இரண்டு கூறுகள் சேர்ந்து உயர்ந்திருப்பதைக் கண்டு, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆய்வாளர் முடிவு கட்டினால், அங்கும் கை தூக்கலாம்.

தன் படிப்பைக் காட்டுவதற்காக நீண்ட உரை நிகழ்த்திவிட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறி போடுகிறவர்கள் எந்த அரங்கிலும் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பழகிவிடாதீர்கள். தேர்வாளர்கள் கேட்டு முடித்த பின்பே பார்வையாளர்களை அழைப்பார்கள். அப்போது ஒரே ஒரு கேள்வியை இரண்டு வாக்கியத்தில் கேட்டுவிட்டு அமர்ந்துவிடுங்கள். ‘அதை நான் சரிபார்க்கவில்லை’ என்று ஆய்வாளர் ஒப்புக்கொண்டால், அதையும் ஒரு விடையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.