காரணம் சொன்னால் குற்றமா?

கேள்வி: ஜப்பானில் ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பியதற்கே கம்பெனி மன்னிப்புக் கேட்டதாமே! என் ஆபீசில் ஏன் லேட் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். 'சாக்கு சொல்லாதே, தப்பை ஒத்துக்கொள்' என்கிற அந்தப் பண்பாடு நமக்கு எப்போது வரும்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அப்படியே வர வேண்டாம் என்பேன்.

நீங்கள் சொல்வது நடந்ததுதான். 2017 நவம்பர் 14 அன்று ட்சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 9.44.40-க்குப் பதில் 9.44.20-க்கே கிளம்பிவிட்டது. பயணிகள் யாரும் புகார் செய்யவில்லை. கம்பெனி தானாகவே மன்னிப்புக் கேட்டது. நல்ல பழக்கம்தான். சரி, அதே நாட்டின் இன்னொரு ரயிலைப் பற்றியும் கேளுங்கள்.

2005 ஏப்ரல் 25, ஒசாகாவை அடுத்த அமகாசாகி. ஜேஆர் வெஸ்ட் என்ற கம்பெனியின் ரயில். ஓட்டுநருக்கு 23 வயது. இதாமி நிலையத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி 72 மீட்டர் போய்விட்டார். பின்னால் எடுத்து நிறுத்திக் கிளம்புவதற்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதம். தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி கார்டிடம் கெஞ்சினார். கார்டும் கட்டுப்பாட்டு அறைக்கு 8 மீட்டர் என்றே சொன்னார். ரேடியோவில் அந்தப் பேச்சு முடிந்த கையோடு, 70 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் ரயில் 116-ல் நுழைந்தது. தடம் புரண்டு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் செத்தார்கள்.

ரேடியோப் பேச்சைக் கேட்டபடி என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசித்ததில் அவர் கவனம் சிதறியிருக்கலாம் என்றது 2007-ல் வந்த விசாரணை அறிக்கை. அவ்வளவு பயம் ஏன்? முந்தைய ஆண்டும் ஒரு நிலையத்தைத் தாண்டியதற்காக அவருக்கு 13 நாள் 'பகல் பணிப் பயிற்சி' கொடுத்திருந்தார்கள். பெயர்தான் பயிற்சி. தப்பு செய்தவரை வண்டியிலிருந்து இறக்கி உட்கார வைத்து, தன் தப்பைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுத வைப்பார்கள். சிலரைப் புல் பிடுங்கவும் வைத்திருக்கிறார்கள். இதைக் கடந்து வந்த பையன் அடுத்த முறை உண்மையைச் சொல்வான் என்று எப்படி எதிர்பார்ப்பது?

நம் ஊரிலும் இதற்குக் குறைவில்லை. '17 பி போட்டுவிடுவேன்', அதாவது கடும் தண்டனை வரைக்கும் போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை எடுப்பேன் என்ற மிரட்டலைக் கேட்காத தமிழக அரசு ஊழியர் உண்டா? மெமோவுக்கு எழுதும் பதில்களைப் பாருங்கள். 'இனி இதுபோல் நடவாது என உறுதி கூறுகிறேன்' என்று முடித்திருப்பார்கள். ஏன் நடந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. மேலதிகாரியும் அதைத்தான் விரும்புகிறார், ஏனென்றால் காரணத்தை எழுதினால் ஆள் பற்றாக்குறையும் பழுதான மெஷினும் கோப்பில் ஏறிவிடும். அப்புறம் அவர் மேலே பதில் சொல்ல வேண்டும். மன்னிப்பு எழுதி வாங்கினால் அவருக்கு வேலை மிச்சம்.

உங்கள் ஆபீசுக்கு வருவோம். ஆளுக்கொரு கதை என்கிறீர்களே, அந்தக் கதைகளை ஒரு மாதம் தேதி போட்டு எழுதி வையுங்கள், யாரையும் திட்டாமல். பாதிப் பேர் ஒரே டவுன் பஸ்ஸைச் சொன்னால், வேலை தொடங்கும் நேரத்தைக் கால் மணி தள்ளி வைத்துப் பாருங்கள். உண்மையிலேயே கதை விடுகிறவர் யார் என்பதும் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். அவரைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுங்கள்.