பச்சை விளக்கு மினுங்குது, வைஃபையில்தான் ஆளைக் காணோம்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "ராஸ்பெர்ரி பை சீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை வாங்கி, மெமரி கார்டில் சிஸ்டத்தை ஏற்றி, போன் சார்ஜரில் போட்டேன். பச்சை விளக்கு மினுங்குகிறது, ரவுட்டரில் அதன் பெயரே வரவில்லை. டிவியில் போட்டுப் பார்க்க மினி எச்டிஎம்ஐ வயரும் இல்லை. மொட்டைமாடியில் வெப்பநிலை பதியத்தான் வாங்கினேன். போர்ட் பழுதா?"

பழுதாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். விளக்கு கன்னாபின்னாவென்று மினுங்கினால் போர்ட் கார்டை வாசிக்கிறது. 7 தரம் மின்னி, கொஞ்சம் நின்று, திரும்பவும் 7 தரம் மின்னினால் மட்டும் கார்டில் கேர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, கிடைக்கவில்லை. அப்போது கார்டைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

என் சந்தேகம் வைஃபையில். இந்தப் போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். சில ரவுட்டர்கள் இரண்டு பெயரில் சிக்னல் விடும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும், அது 5 கிகாஹெர்ட்ஸ். உங்கள் போன் அதில் இருந்தால் அந்தப் பெயரைத்தான் கார்டிலும் எழுதியிருப்பீர்கள். பாஸ்வேர்ட் எவ்வளவு சரியாக இருந்தாலும் போர்டுக்கு அந்த வைஃபை கண்ணிலேயே படாது. மற்றப் பெயரைக் கொடுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல்.

அதற்குக் கார்டை இன்னொரு தரம் எழுத வேண்டும். கார்டில் சிஸ்டத்தை எழுதும் ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளில் உங்கள் போர்டைத் தெரிவு செய்து, சிஸ்டத்தில் டெஸ்க்டாப் இல்லாத 'லைட்' பதிப்பை எடுங்கள். 512 எம்பி ரேமுக்கு டெஸ்க்டாப் பாரம், திரையில்லாத உங்களுக்கு அது தேவையும் இல்லை. எழுத முதல் அமைப்புகளுக்குள் போய் யூசர்நேம், பாஸ்வேர்ட், வைஃபை, நாடு எல்லாவற்றையும் நிரப்பி, எஸ்எஸ்எச் என்பதையும் (வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாகப் போர்டுக்குள் போகும் வழி) இயக்கிவிடுங்கள். பழைய யூடியூப் வீடியோக்களில் யூசர்நேம் 'பை', பாஸ்வேர்ட் 'ராஸ்பெர்ரி' என்று சொல்வார்கள். 2022 ஏப்ரலோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நீங்களாக ஒரு கணக்கு வைக்காவிட்டால், திரையும் கீபோர்டும் இல்லாமல் உள்ளே போக வழியில்லை.

கார்டைப் போட்டுக் கரண்ட் கொடுத்ததும் சில நிமிடம் பொறுங்கள். முதல் தரம் தானாகவே நின்று திரும்ப இயங்கும், பயந்து வயரைப் பிடுங்காதீர்கள். பிறகு ரவுட்டர் பட்டியலில் அதன் ஐபி முகவரி வரும். விண்டோஸ் 10, 11 இல் எஸ்எஸ்எச் உள்ளேயே இருக்கிறது, அதில் உங்கள் யூசர்நேமையும் அந்த முகவரியையும் கொடுத்து உள்ளே போகலாம். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. அது அப்படித்தான், அடித்து என்டரைத் தட்டுங்கள்.

சார்ஜர் 5 வோல்ட், 2.5 அம்பியர் இருந்தால் நல்லது. பெரிய பை போர்டுகள் மின்னழுத்தம் குறைந்தால் திரையில் மின்னல் குறி காட்டும். சீரோ வகைக்கு அதைக் கண்டுபிடிக்கும் சுற்றே இல்லை, சத்தமில்லாமல் தொங்கிவிடும். அப்படி நடந்தால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். விலை குறைந்த மெல்லிய வயர்தான் பாதிக் கரண்டை விழுங்குவது.

மாடி விஷயம். உப்புவெளிக் கடற்காற்றில் திறந்த போர்டை வைத்தால் ஊசிகளில் பச்சை பிடிக்கும், கார்த்திகை மழையைச் சொல்லவே வேண்டாம். போர்டை வீட்டுக்குள் வைத்து, சென்சரை மட்டும் வயரில் வெளியே விடுங்கள். பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பிஸ்கட் டின் வைஃபையை மறைத்துவிடும், போர்டின் அடியில் பட்டால் ஷார்ட்டும் ஆகும்.

இன்னொன்று, இந்தப் போர்டில் மணிக்கூட்டுக்குத் தனி பேட்டரி இல்லை. கரண்ட் போய் வந்ததும் இன்டர்நெட் கிடைக்கும் வரை பழைய நேரத்தையே சொல்லும், உங்கள் வெப்பநிலைப் பதிவும் அந்த நேரத்தில்தான் விழும். ரவுட்டர் எழும்பப் பிந்தும் வீடென்றால் டிஎஸ்3231 என்ற சின்ன மணிக்கூட்டு மொடியூல் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுங்கள்.