கேள்வி நேரம்: பழைய ஃபைல் மேலேயே சேவ் ஆகிவிட்டதா?

கேள்வி: பழைய வாடகை ஒப்பந்தத்தை வேர்டில் திறந்து, பெயர், தொகையெல்லாம் மாற்றி, 'சேவ் ஆஸ்' கொடுக்காமல் 'சேவ்' கொடுத்துவிட்டேன். பழையது கிடைக்குமா?

பதில்: ஃபைலை மூடாதீர்கள்! சேவ் செய்த பிறகும் கன்ட்ரோல்+இசட் வேலை செய்யும். பழைய வாசகம் வரும்வரை அழுத்தி, வேறு பெயரில் சேவ் செய்யுங்கள்.

மூடிவிட்டீர்களென்றால், ஃபைல் ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) இருந்ததா என்று பாருங்கள். அதன் இணையதளத்தில் ஃபைல்மீது ரைட் கிளிக் செய்தால் 'வெர்ஷன் ஹிஸ்டரி' வரும். தனிநபர் கணக்கில் கடைசி 25 பதிப்புகள் வரை கிடைக்கும். கம்ப்யூட்டரில் மட்டும் இருந்ததென்றால், ஃபைல்களின் நகலைத் தானாக எடுத்துவைக்கும் விண்டோஸின் 'ஃபைல் ஹிஸ்டரி'யை முன்பே ஆன் செய்திருந்தால்தான் வழி.

இனிமேலுக்கு: வேர்டில் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, சேவ் பகுதியில் 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி'யை டிக் செய்யுங்கள். முந்தைய பதிப்பு அதே ஃபோல்டரில் தங்கும். ஆனால் ஒரு பதிப்புதான். இரண்டாவது முறை சேவ் செய்தால் அதுவும் போய்விடும். ஹார்டு டிஸ்க் பழுதானால் இரண்டுமே போகும் என்பதால், முக்கியமான பத்திரங்களைப் பென் டிரைவிலும் கட்டாயம் வையுங்கள்.